கண்ணில் படுவதும் படாததும்: நம் பண்பாடு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புதிதாக வந்த மருமகள், வெளிநாட்டில் வளர்ந்த பேரப்பிள்ளை, வேறு மாநிலத்திலிருந்து வேலைக்கு வந்த நண்பர். இந்த மூன்று பேரும் கேட்கிற கேள்விகள் கிட்டத்தட்ட ஒன்றுதான். ‘ஏன் இப்படிச் செய்றீங்க?’ என்று கேட்பார்கள். ‘அது அப்படித்தான்’ என்போம். அதற்கு மேல் நமக்கே தெரியாது. அப்படி நாம் விழித்த கேள்விகளில் சிலவற்றை இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

பண்பாட்டில் கண்ணில் படுவது எது, படாதது எது?

கோலம், சேலை, பொங்கல் பானை, நாகசுரம், கோபுரம், தேர். இவற்றைப் படம் பிடிக்கலாம். சுற்றுலா விளம்பரத்தில் வருவதும் இவைதான். தேர் வடத்தை முதலில் தொடுவது யார், முதல் பந்தியில் யாரை உட்கார வைக்க வேண்டும், மாமனார் நிற்கும்போது மாப்பிள்ளை உட்காரலாமா, கடன் கேட்க வந்தவர் எவ்வளவு நேரம் மழையைப் பற்றிப் பேசிவிட்டு விஷயத்துக்கு வர வேண்டும்? இவற்றைப் படம் பிடிக்க முடியாது. ஆனால் எல்லாவற்றுக்கும் விதி உண்டு. எங்கும் எழுதி வைக்கவில்லை, யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தரவில்லை. மீறிப் பாருங்கள், அரை நொடியில் அங்கிருக்கிற எல்லார் முகமும் மாறும்.

முகம் எங்கே மாறுகிறதோ அங்கே ஒரு விதி ஒளிந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். இதைவிட நல்ல அடையாளம் எனக்குத் தெரியவில்லை.

இப்படிப் பிரித்துப் பார்க்கத் தொடங்கியது யார்? அந்தப் பனிப்பாறைப் படம் எங்கிருந்து வந்தது?

பண்பாட்டைப் பனிப்பாறையாக வரைந்து, நீருக்கு மேலே தெரியும் நுனி கண்ணில் படுவது, நீருக்கடியில் இருக்கும் பெரும்பகுதி படாதது என்று காட்டும் படம் அது. எட்வர்டு ஹால் என்ற அமெரிக்க மானிடவியலாளரின் பெயரோடுதான் அந்தப் படம் சுற்றுகிறது. 1950களில் வெளிநாடுகளுக்குப் போகும் அமெரிக்க அரசு அதிகாரிகளுக்குப் பயிற்சி கொடுத்தவர் அவர். மொழியை நன்றாகக் கற்றுக்கொண்டு போனவர்கள்கூட, போன இடத்தில் நேரம் தவறி, தள்ளி நின்று, தவறான இடத்தில் சிரித்துக் காரியத்தைக் கெடுத்துக்கொண்டார்கள். மொழிக்கு அடியில் இன்னொரு மொழி ஓடுகிறது என்று 1959இல் எழுதினார். 1966இல் மனிதர்கள் ஒருவருக்கொருவர் விட்டு நிற்கும் இடைவெளியையே அளந்து வகை பிரித்தார். நெருக்கமானவர்களுக்கு சுமார் 45 சென்டிமீட்டர் வரை, நண்பர்களுக்கு 1.2 மீட்டர் வரை, அலுவல் பேச்சுக்கு 3.6 மீட்டர் வரை. அவர் அளந்தது அமெரிக்க நடுத்தர வர்க்கத்தாரை. காலை எட்டரை மணி நகரப் பேருந்தில் ஏறியிருந்தால் முதல் வகையோடு நிறுத்தியிருப்பார்.

பனிப்பாறை நமக்குப் பழக்கமில்லாத பொருள். எனக்கு வாழை போதும். மரம் என்று நாம் பார்ப்பது உண்மையில் தண்டே இல்லை, இலைகளின் அடி மட்டைகள் ஒன்றை ஒன்று சுற்றிக்கொண்டு நிற்பது. தண்டு என்பது மண்ணுக்குள் இருக்கும் கிழங்குதான். குலை தள்ளியதும் மேலே இருப்பதை வெட்டிவிடுகிறோம். பக்கத்தில் கன்று எழும்புவது அந்தக் கிழங்கிலிருந்து.

‘பண்பாடு’ என்ற சொல்லே புதியது என்கிறார்களே?

ஆங்கிலத்துக் ‘கல்ச்சர்’ என்பதற்கு ஈடாகப் ‘பண்பாடு’ புழக்கத்துக்கு வந்தது 20ஆம் நூற்றாண்டில்தான். அந்தப் பெருமையைத் தமிழறிஞர் ரசிகமணி டி.கே.சி.க்குக் கொடுப்பது வழக்கம். ஆனால் உள்ளே இருக்கும் எண்ணம் பழையது. கலித்தொகையில் நெய்தற்கலிப் பாட்டு ஒன்றில் ‘பண்பெனப் படுவது பாடறிந்து ஒழுகுதல்’ என்று வருகிறது. உலக நடையை அறிந்து அதன்படி நடப்பது என்று பொருள். உடை, உணவு, கூத்து எதையும் அந்த வரி சொல்லவில்லை. ‘அறிந்து’ என்கிறது. யாரோ சொல்லாமல் நீயே அறிந்து நடந்துகொள் என்று. கண்ணில் படாத பாதியைத்தான் அந்தப் புலவர் பண்பு என்று எண்ணியிருக்கிறார்.

‘போறேன்’ என்று சொன்னால் வீட்டில் ஏன் பதறுகிறார்கள்?

கிளம்பும்போது ‘போயிட்டு வரேன்’ என்பதுதான் முறை. யாழ்ப்பாணத்தில் ‘போட்டு வாறன்’. திரும்பி வருவேன் என்ற பாதியை விழுங்கிவிட்டால், வராமல் போகப்போகிறவன் சொல்வதுபோல ஆகிவிடும். சாவு வீட்டில் இது தலைகீழ். அங்கே ‘வரேன்’ என்று சொல்லவே கூடாது, சொல்லிக்கொள்ளாமல் எழுந்து வந்துவிட வேண்டும். மரியாதை தெரிந்த ஒரு வடநாட்டு நண்பர் துக்க வீட்டில் ஒவ்வொருவரிடமும் போய் ‘வரேன், வரேன்’ என்று விடைபெற்றதைப் பார்த்திருக்கிறேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அவர் கற்றுக்கொண்ட தமிழில் பிழை எதுவும் இல்லை.

இன்னும் இருக்கிறது. வெளியே கிளம்புகிறவரை ‘எங்கே போறீங்க?’ என்று நேராகக் கேட்டால் போகிற காரியம் கெடும் என்பார்கள். ‘தூரமா?’ என்று கேட்டால் போதும், அவரே சொல்லிவிடுவார். விளக்கை அணைக்கச் சொல்ல மாட்டார்கள், குளிர வைக்கச் சொல்வார்கள். அரிசி தீர்ந்துவிட்டால் ‘அரிசி நிறைஞ்சிருக்கு’ என்பார் பாட்டி. இல்லை என்ற சொல் வீட்டுக்குள் புழங்கினால் இல்லாமையும் கூடவே வரும் என்று பயம்.

இதை மூடநம்பிக்கை என்று ஒதுக்குகிறவர்களுக்கு ஒரு செய்தி. நம் இலக்கணக்காரர்கள் இதற்குத் தனி இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். நன்னூல் தகுதி வழக்கு என்று மூன்றைச் சொல்கிறது: இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி. சொல்லத் தயங்குவதை மறைத்துச் சொல்வது, அமங்கலத்தை மங்கலமாக மாற்றிச் சொல்வது, ஒரு தொழில் கூட்டத்தார் தமக்குள் மட்டும் புரியும்படி பேசுவது. செத்தாரைத் துஞ்சினார் என்பதும் சுடுகாட்டை நன்காடு என்பதும் பள்ளியில் படித்த எடுத்துக்காட்டுகள். பரீட்சைக்காக மனப்பாடம் செய்தோம், பாட்டி வாயில் தினமும் ஓடுவது அதுதான் என்று நமக்குத் தோன்றவில்லை.

அம்மாவுக்கு ‘நன்றி’ சொன்னால் என்ன தப்பு?

தப்பில்லை. ஆனால் சாப்பாடு போட்ட அத்தையிடம் ‘நன்றி’ என்றால், ‘ஏன்டா, நான் என்ன ஹோட்டலா?’ என்று வரும். நம் வீடுகளில் நன்றி என்பது கணக்கை முடிக்கும் சொல்லாகக் கேட்கிறது. வாங்கினேன், சொல்லிவிட்டேன், தீர்ந்தது. உறவில் கணக்கு தீரக்கூடாது. அத்தை போட்ட சோற்றுக்குப் பதில், அவர் முழங்கால் வலிக்கு மருத்துவமனைக்கு நீங்கள் வண்டி ஓட்டிக்கொண்டு போகும் நாளில்தான் வரும். அதற்குள் அவசரப்பட்டு ஒரு சொல்லால் அடைத்துவிடாதே என்பதுதான் அந்தக் கோபம்.

தெரியாதவர்களை எல்லாம் ஏன் அண்ணன், அக்கா என்கிறோம்? உறவுமுறை ஏன் இவ்வளவு குழப்பம்?

குழப்பம் வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு. உள்ளே இருப்பது கணிதம்போல ஒழுங்கானது. அம்மாவின் அக்கா பெரியம்மா, தங்கை சித்தி. அதாவது அவர்களும் அம்மாக்கள், அவர்கள் பிள்ளைகள் உங்களுக்கு அண்ணன் தங்கை. அப்பாவின் அண்ணன் பெரியப்பா, தம்பி சித்தப்பா. அதே கதை. ஆனால் அம்மாவின் அண்ணன் தம்பி மாமா, அப்பாவின் அக்கா தங்கை அத்தை. இவர்கள் பிள்ளைகள் உடன்பிறப்பு இல்லை, ‘முறை’. அதனால்தான் மனைவியின் அப்பாவும் மாமா, அம்மாவும் அத்தை. முன்பின் தெரியாத வீட்டில் பெண் எடுத்தாலும், அந்த வீட்டுக்காரர் உங்கள் தாய்மாமன் ஸ்தானத்துக்கு வந்துவிடுகிறார். சொல் முதலில் வந்து உட்கார்ந்துகொள்கிறது, ஆள் பிறகு அதற்குள் பொருந்துகிறார்.

ஆங்கிலத்தில் இவர்கள் எல்லோரும் ‘கசின்’. அமெரிக்காவில் வளர்ந்த பெண் தன் சித்தி மகனையும் மாமா மகனையும் ஒரே சொல்லில் அறிமுகப்படுத்தும்போது பாட்டிக்கு ஏற்படும் அதிர்ச்சி, இலக்கண அதிர்ச்சி. ஒருவன் அண்ணன், இன்னொருவன் மாப்பிள்ளையாகக்கூடியவன். இருவருக்கும் எப்படி ஒரே சொல்?

அமெரிக்க வழக்கறிஞரான லூயிஸ் ஹென்றி மார்கன், நியூயார்க் பக்கத்துச் செனிக்கா பழங்குடியினரின் உறவுச் சொற்களை ஆராய்ந்துகொண்டிருந்தார். தமிழரின் உறவுச் சொற்கள் கைக்குக் கிடைத்ததும் ஆடிப்போனார். இரண்டிலும் சித்தப்பா அப்பாவாகவும், சித்தி அம்மாவாகவும், அவர்கள் பிள்ளைகள் உடன்பிறப்பாகவும் வந்தார்கள். அமெரிக்கப் பழங்குடியினர் ஆசியாவிலிருந்து வந்தவர்கள் என்பதற்கே இது சான்று என்று 1871இல் வெளியான நூலில் வாதிட்டார். அந்த வாதம் நிற்கவில்லை. ஆனால் உறவுமுறை ஆய்வு என்ற துறை அங்கிருந்துதான் கிளம்பியது. நம் வீட்டு மாமாவும் அத்தையும் அதில் பங்குதாரர்கள்.

சொந்தத்தில் கல்யாணம் செய்துகொள்வது குறைந்துகொண்டு வருகிறது, மருத்துவர்களும் எச்சரிக்கிறார்கள். இருந்தாலும் 2019-21இல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் இரத்த உறவுத் திருமணங்கள் நான்கில் ஒரு பங்குக்கு மேல். கல்யாணம் அந்நியத்தில் நடந்தாலும் சொல் மாறவில்லை. தெருவில் தெரியாதவரை அண்ணே என்றால், ‘உன்னோடு எனக்குச் சண்டையும் இல்லை, வேறு எண்ணமும் இல்லை’ என்று பொருள். பெண்கள் இதைக் கவசமாகவே பயன்படுத்துகிறார்கள். ஆட்டோவில் ஏறியதும் ‘அண்ணா’ போடுவது வெறும் மரியாதைக்கு மட்டுமில்லை.

இங்கேயே ‘நாம்’, ‘நாங்கள்’ பற்றியும் சொல்லிவிடுகிறேன். கேட்கிறவரைச் சேர்த்து ஒரு சொல், விட்டுவிட்டு ஒரு சொல் என்று வைத்திருக்கிற மொழி நம்முடையது. கல்யாணமாகி வந்த பெண் பிறந்த வீட்டை ‘எங்க வீடு’ என்கிறாள். மாமியார் வீட்டை ‘உங்க வீடு’ என்பதா, ‘நம்ம வீடு’ என்பதா? எல்லார் காதும் அதைத்தான் கவனித்துக்கொண்டிருக்கும். எந்த நாளில் அவள் வாயில் ‘நம்ம’ வந்தது என்று மாமியார் சரியாகச் சொல்வார்.

மொய் என்பது பரிசா, கடனா?

இரண்டும். இரண்டும் இல்லை என்றும் சொல்லலாம். மண்டப வாசலில் மேசை, இரண்டு பேர், ஒரு நோட்டு. ஊர்ப் பெயர், அப்பா பெயர், ஆள் பெயர், தொகை. 501, 1001 என்று கடைசியில் ஒரு ரூபாய் ஒட்டிக்கொண்டிருக்கும், சுழியத்தில் முடிந்தால் உறவும் முடிந்ததாகிவிடும் என்று. இவ்வளவும் கண்ணில் படுவது.

கண்ணில் படாதது அன்றிரவு நடக்கும். எல்லோரும் தூங்கியபின் வீட்டுப் பெரியவர் பழைய நோட்டையும் புது நோட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார். நாம் செய்த 501 திரும்பி வந்ததா, மேலே எவ்வளவு கூட்டி வைத்தார்கள்? வாங்கியதை அப்படியே திருப்பினால் கணக்கைத் தீர்த்துக்கொண்டு விலகுகிறார்கள் என்று பொருள். கூட்டி வைத்தால் உறவு ஓடுகிறது. குறைத்தால் ஏதோ மனத்தாங்கல். வராமலே இருந்துவிட்டால் அடுத்த தலைமுறை வரைக்கும் பேச்சு. இந்த நோட்டுகளைப் பத்திரங்களோடு பீரோவில் வைத்திருக்கும் வீடுகள் உண்டு. சொத்தைப் பிரிக்கும்போது மொய் நோட்டும் பிரிகிறது, எந்த அண்ணன் எந்த ஊர்ச் செய்முறையைத் திருப்பிச் செய்வது என்று.

இதையே முழுநேர நிதி ஏற்பாடாக வளர்த்தது பேராவூரணி, கீரமங்கலம், வடகாடு வட்டாரம். தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்கள் தொடும் இடம். ஆடி, ஆவணியில் அங்கே மொய் விருந்து நடக்கும். கல்யாணமோ காதுகுத்தோ தேவையில்லை, மொய் வாங்குவதற்கென்றே கறிச் சோறு. செலவு குறையப் பல குடும்பங்கள் சேர்ந்து ஒரே பந்தல் போடுவார்கள். ஒரு குடும்பத்தின் முறை பொதுவாக ஐந்து ஆண்டுக்கு ஒரு தடவை வரும். லட்சக்கணக்கில் சேரும் பணத்தில் ஆழ்குழாய்க் கிணறு, கடை, வீடு, பிள்ளையின் கல்லூரிக் கட்டணம். வட்டி கிடையாது, பத்திரம் கிடையாது. நோட்டும் ஊர் நாக்கும்தான் பிணை. 2018 நவம்பரில் கஜா புயல் அந்தப் பக்கத்துத் தென்னைகளைச் சாய்த்தபின் மொய் வரவும் சுருங்கியது. எல்லோர் மடியும் ஒரே நேரத்தில் காலியானால் இந்த ஏற்பாடு என்ன செய்யும்?

மொய்யை வரதட்சணையோடு சேர்த்துத் திட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. வங்கி கதவைத் திறக்காத காலத்தில் மனிதர்கள் ஒருவருக்கொருவர் வங்கியானார்கள். கூச்சப்பட அதில் ஒன்றுமில்லை. ஆனால் வேலையில்லாத ஒருவர் மொய்க்குப் பயந்து கல்யாணங்களுக்கே போகாமல் வீட்டில் உட்கார்ந்திருப்பதும் இதே ஏற்பாட்டில் நடப்பதுதான்.

கல்யாணப் பத்திரிகையை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதாதா?

நண்பர்களுக்குப் போதும். சொந்தத்துக்குப் போதாது. ‘பத்திரிகை வந்தது, ஆனா வீட்டுக்கு வந்து கூப்பிடல’ என்ற வாக்கியத்தைக் கேட்டிருப்பீர்கள். தாள் செய்தி சொல்கிறது, தாம்பூலத் தட்டோடு வாசலுக்கு வருவதுதான் அழைப்பு. இதில் புருஷன் மட்டும் வந்தால் ஒரு மார்க் குறைவு.

விருந்தாளி ‘வேண்டாம்’ என்றால் நிறுத்திவிடலாமா?

முதல் ‘வேண்டாம்’ கணக்கில் வராது. இரண்டாவது, யோசிக்க வேண்டியது. மூன்றாவதில் குரல் மாறியிருந்தால் உண்மையிலேயே வேண்டாம். கேட்டவுடனே ‘சரி, போடுங்க’ என்கிறவர் பறக்கிறவராகிவிடுவார், முதல் மறுப்பிலேயே கரண்டியை எடுத்துக்கொண்டு போகிறவர் கஞ்சராகிவிடுவார். இருவரும் நல்லவர்களாக இருக்க இந்த ஆட்டம் தேவைப்படுகிறது.

வெளிநாட்டில் படிக்கப் போகும் நம் பிள்ளைகள் முதல் மாதம் பசியோடு இருப்பது இதனால்தான். அங்கே ‘சாப்பிடுகிறாயா?’ என்று ஒரு முறை கேட்பார்கள், இவன் ‘பரவாயில்லை’ என்பான், அவர்கள் சாப்பிடப் போய்விடுவார்கள். எதிர்ப்பக்கமும் உண்டு. ‘சாப்டீங்களா?’ என்று நாம் கேட்பதைச் சாப்பிடக் கூப்பிடுவதாக எடுத்துக்கொண்டு ‘இல்லை’ என்று சொல்லிக் காத்திருந்த வெளிமாநிலத்தவர்கள் எத்தனையோ பேர். அது நலம் விசாரிப்பு. ‘சாப்டேன், நீங்க?’ என்று சொல்லிவிட்டு நகரலாம்.

சொல்லே இல்லாமல் நடக்கும் விஷயங்கள்?

நான் ரசிப்பது மடித்துக் கட்டிய வேட்டி. டீக்கடை வாசலில் முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டிக்கொண்டு நிற்பவர், பெரியவர் யாரோ எதிரே வருவதைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தாமல், கையால் ஒரு தட்டு தட்டி இறக்கிவிடுவார். வணக்கம் சொன்னதாக ஆகிவிட்டது. வந்தவரும் பார்த்துக்கொள்வார். பக்கத்தில் நிற்கும் வெளியூர்க்காரருக்கு அங்கே எதுவும் நடக்கவில்லை. இதே வேட்டி எதிராளியைப் பார்த்து ஏறுவதும் உண்டு, அப்போது அர்த்தம் வேறு.

புத்தகத்தில் கால் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வது, இடக்கையால் பணம் கொடுக்காதது, தலையை இருபுறமும் மெல்லச் சாய்த்தால் ‘சரி’ என்பது, இவையெல்லாம் தெரிந்ததுதான்.

அப்படியானால் மறைந்திருப்பதெல்லாம் நல்லதா? ‘முன்னோர்கள் முட்டாள்கள் இல்லை’ என்று பகிர்கிறார்களே.

இல்லை. கொடுமையும் அங்கேதான் ஒளிந்துகொள்கிறது.

1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாடு, பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் போடக்கூடாது என்று தீர்மானம் போட்டது. இன்று தமிழ்நாட்டில் பெயரோடு சாதியைச் சேர்த்துக்கொள்வது அரிது. இனிஷியலும் பெயரும், அவ்வளவுதான். வடக்கே போனால் ‘உங்க சர்நேம் என்ன?’ என்று கேட்டு நம்மைத் திணறடிப்பார்கள். கண்ணில் பட்டதை நீக்கியது பெரிய காரியம், அதைச் சின்னதாகப் பேசக்கூடாது. ஆனால் கேள்வி போகவில்லை, தரைக்கு அடியில் இறங்கியது. ‘எந்த ஊரு?’ ‘மதுரையா, மதுரையில எங்க?’ ‘எந்தத் தெரு?’ ‘கோயிலுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா?’ ‘குலதெய்வம் எது?’ வாடகைக்கு வீடு கேட்டுப் போகிறவருக்கு இந்தக் கேள்விகளின் வரிசை நன்றாகத் தெரியும். கேட்கிறவர் குரலில் அன்பு வழியும். சாதி என்ற சொல் கடைசிவரை வராது.

டீக்கடையில் இரட்டைக் குவளை இருந்தபோது அதைக் கண்ணால் பார்க்க முடிந்தது, போராடவும் வழக்குப் போடவும் முடிந்தது. யாருக்கும் ஒரே காகிதக் கோப்பை என்றான பின்பு, யாரை உள்ளே பெஞ்சில் உட்கார வைப்பது என்பது கடைக்காரரின் கண்ணசைவில் இருக்கிறது. பள்ளிப் பிள்ளைகள் கையில் கட்டும் வண்ணக் கயிறும் அப்படித்தான். ஆசிரியருக்கு அது சாமிக் கயிறு, எந்த நிறம் யாருடையது என்பது பையன்களுக்குத் தெரியும். 2023இல் நாங்குநேரியில் ஒரு மாணவனும் அவன் தங்கையும் வெட்டப்பட்ட பிறகு அரசு அமைத்த ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில் இந்தக் கயிறுகளைத் தடை செய்யப் பரிந்துரைத்தது. கயிற்றைத் தடை செய்யலாம். அடுத்து அது செருப்பு வாராகவோ, கைப்பேசியின் உறையாகவோ வரும்.

இன்னொன்று இதைவிட அமைதியானது. கல்யாண வீட்டில் மாப்பிள்ளைக்கு ஆரத்தி எடுக்கும் நேரம். புருஷனை இழந்த அத்தை, மாப்பிள்ளையைத் தூக்கி வளர்த்தவர், மெல்லப் பின்னால் நகர்ந்து தூணோரம் நிற்பார். யாரும் அவரைப் போகச் சொல்லவில்லை. ‘வாங்க அத்தை’ என்று யாராவது கூப்பிட்டால்கூட, ‘நீங்க பாருங்கம்மா, எனக்குக் கால் வலிக்குது’ என்பார். சட்டமோ தடையோ இல்லை, சொல்கூட இல்லை. தன்னைத் தானே விலக்கிக்கொள்ளும் அளவுக்கு அந்த விதி அவருக்குள் இறங்கியிருக்கிறது. அந்த நேரம் அவர் கையைப் பிடித்து இழுத்து வந்து முன்னால் நிறுத்தினால் என்ன ஆகும்? சிலர் முகம் மாறும். மாறட்டும்.

எழுதாத விதிகளை யாராவது எழுதி வைத்தது உண்டா?

உண்டு, யாழ்ப்பாணத்தில். 1706-07இல் டச்சு ஆட்சியின் அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ் என்பவர் அங்குள்ள தமிழரின் சொத்து, திருமண வழக்கங்களைத் தொகுத்தார். 12 முதலியார்கள், அதாவது உள்ளூர்த் தலைவர்கள், படித்துப் பார்த்து, சரிதான் என்றார்கள். அதுதான் தேசவழமை. 1806இல் ஆங்கிலேயர் அதைச் சட்டமாக ஏற்றார்கள், திருத்தங்களோடு இன்றும் இலங்கை நீதிமன்றங்களில் செல்லும். வழிவழியாக வந்தது முதுசம், பெண்ணுக்குக் கொடுத்தது சீதனம், கல்யாணத்துக்குப் பிறகு சேர்த்தது தேடிய தேட்டம் என்று மூன்றாகப் பிரிக்கும். எழுதியதால் வழக்கம் நிலைத்தது, உறைந்தும் போனது. வாயில் இருந்தவரை காலத்துக்கு ஏற்ப வளைந்திருக்கும். ஏட்டில் ஏறியபின் மாற்றுவதற்குச் சட்டம் கொண்டுவர வேண்டியதாயிற்று.

யுனெஸ்கோ சொல்லும் ‘தொட்டுணர முடியாத மரபு’ இதுதானா?

இல்லை, இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். 2003இல் யுனெஸ்கோ அதற்கென்று ஓர் ஒப்பந்தம் கொண்டுவந்தது. இந்தியாவிலிருந்து அந்தப் பட்டியலில் இருப்பவை கூடியாட்டம், யோகா, கொல்கத்தா துர்கா பூஜை போன்றவை. தொட முடியாது, ஆனால் டிக்கெட் வாங்கிப் பார்க்கலாம். அத்தை தூணோரம் நிற்பதற்கு எந்தப் பட்டியலிலும் இடமில்லை.

வெளியே தெரிவதைக் காப்பாற்றினால் உள்ளே இருப்பது தானாக வரும் என்கிறார்களே?

வருவதும் உண்டு, வராததும் உண்டு. மொரீஷியஸ் தமிழர்களைப் பாருங்கள். பெரும்பாலோர் வீட்டில் பேசுவது கிரியோல். தைப்பூசக் காவடி மட்டும் தலைமுறை தாண்டி நிற்கிறது, அரசு விடுமுறையும் உண்டு. 1998இல் அந்நாட்டு ரூபாய்த் தாளில் இந்திக்கு அடுத்த இடத்துக்குத் தமிழைத் தள்ளி அச்சிட்டபோது, கொதித்து எழுந்து தாள்களையே திரும்பப் பெற வைத்தார்கள். படிக்கத் தெரியாத எழுத்துக்காக ஏன் இந்தச் சண்டை என்று கேட்கலாம். உள்ளே இருப்பது பெருமளவு கரைந்துபோனவர்களுக்கு, வெளியே எஞ்சிய அந்த ஒரு வரிதான் எல்லாம். அதைக் கேலி செய்ய எனக்கு மனம் வராது.

நம் பக்கம் நிலைமை வேறு. 2017 ஜனவரியில் மெரினாவில் ஜல்லிக்கட்டுக்காகக் கூடியவர்களில் பலர் வாடிவாசலை நேரில் பார்த்ததில்லை. முதலில் அவிழ்க்கப்படுவது கோயில் காளை, அதை யாரும் பிடிக்கக்கூடாது என்பது அலங்காநல்லூர், பாலமேட்டுக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. முதல் மரியாதை யாருக்கு என்பதில்தான் அங்கே பல சமயம் உண்மையான மல்லுக்கட்டு. அது தொலைக்காட்சியில் வராது.

இதெல்லாம் எல்லாத் தமிழருக்கும் பொதுவா?

எப்படி ஆகும்? அப்பாவின் அக்கா இங்கே அத்தை, யாழ்ப்பாணத்தில் மாமி. தமிழ் முஸ்லிம் வீடுகளில் அப்பாவே ஊருக்கு ஊர் அத்தா, வாப்பா என்று மாறுவார். கொங்குப் பக்கத்து ‘ங்க’ பழகிய காதுக்குத் திருநெல்வேலிப் பேச்சு அதட்டலாகக் கேட்கும், திருநெல்வேலிக்காரருக்கோ கோயம்புத்தூர் மரியாதை ஒட்டாததுபோல இருக்கும். மேலே எழுதியதில் பாதியை உங்கள் வீட்டில் ‘நாங்க அப்படி இல்லையே’ என்று மறுக்கலாம். மறுக்கும்போது உங்கள் வீட்டு விதி ஒன்று வெளியே வரும், குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

வெளிநாட்டில் வளர்ந்த பிள்ளை ஊருக்கு வருகிறது. என்ன சொல்லி அனுப்புவது?

பட்டியல் போட்டுக் கொடுக்காதீர்கள். பயந்துபோய் மூலையில் உட்கார்ந்துவிடும். கிளம்பும்போது ‘வரேன்’ சொல்லு, யாராவது முகம் மாறினால் அங்கேயே கேட்காதே, ராத்திரி பாட்டியிடம் கேள், அவ்வளவு போதும். மீதி தப்புச் செய்து செய்து வரும். பிள்ளைகள் செய்யும் தப்புக்கு ஊரில் மன்னிப்பு தாராளம், பெரியவர்களுக்குத்தான் கிடையாது.

எங்கள் வீட்டுக்கு ஒன்பது வயதுப் பையன் ஒருவன் கனடாவிலிருந்து கோடை விடுமுறைக்கு வந்திருந்தான். அரிசி டப்பாவில் கை விட்டுப் பார்த்து, ‘பாட்டி, அரிசி தீர்ந்துபோச்சு’ என்றான். ‘அப்படிச் சொல்லக்கூடாது ராசா, நிறைஞ்சிருக்குன்னு சொல்லணும்’ என்றார் பாட்டி. பையன் மறுபடி டப்பாவுக்குள் எட்டிப் பார்த்தான். பாட்டியைப் பார்த்தான். ஒன்றும் சொல்லாமல் மூடினான்.

இரண்டு நாள் கழித்து, ஊஞ்சலில் உட்கார்ந்து கைப்பேசியில் ஏதோ பார்த்துக்கொண்டிருந்தவன் உள்ளே திரும்பிக் கத்தினான்: ‘பாட்டீ, நெட்டு நிறைஞ்சிருச்சு!’